கிராபிக்ஸ் கார்டை விற்றுவிடாதீர்கள் தம்பி

கேள்வி: பெங்களூர் லிங்கராஜபுரத்தில் இருக்கிறேன், பி.காம். இரண்டாம் வருடம். ராத்திரி எட்டு மணிக்கு மேல் வேலரண்ட் விளையாடி யூடியூபில் லைவ் போடுகிறேன். எனக்கு விளையாட்டு நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் பார்க்கிறவர்கள் படம் நிற்கிறது, குரல் மட்டும் வருகிறது என்கிறார்கள். காலையில் போட்டால் இந்தப் பிரச்சினை அவ்வளவாக இல்லை. லைவ் அனுப்பும் ஓபிஎஸ் மென்பொருளின் அடியில் இருக்கும் பச்சைக் கட்டம் அடிக்கடி சிவப்பாகிறது, எப்போதாவது 'என்கோடிங் ஓவர்லோடட்' என்றும் வருகிறது. ஐ5 12400எஃப், 16 ஜிபி ராம், கிராபிக்ஸ் கார்டு ஜிடிஎக்ஸ் 1650. நெட் 100 எம்பிபிஎஸ், ரூட்டர் ஹாலில், கம்ப்யூட்டர் என் அறையில், வைஃபை. எஸ்.பி. ரோடு கடையில் 1650-ஐக் கொடுத்து மேலே 9000 ரூபாய் போட்டால் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி தருகிறேன் என்கிறார்கள். வாங்கலாமா சார்?

பதில்: வாங்காதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மீதியைப் படித்து முடிப்பதற்குள் அந்தக் கடைக்காரர் போன் செய்து 'இன்னைக்கு மட்டும்தான் இந்த ரேட்டு' என்று சொல்லக்கூடியவர்.

லேக் என்ற ஒரே சொல்லை நாம் மூன்று கோளாறுகளுக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறோம், கடைக்காரர்களுக்கு அது ரொம்ப வசதி. ஓபிஎஸ்ஸில் வியூ மெனுவில் ஸ்டாட்ஸ் என்று ஒன்று இருக்கும், அதைத் திறந்து வையுங்கள். அதில் ஃபிரேம் (வீடியோவில் அடுத்தடுத்து வரும் தனித்தனிப் படம்) தவறிப்போன கணக்கு மூன்று வரிகளில் தனித்தனியாக வரும். ரெண்டரிங் லேக் என்றால் கிராபிக்ஸ் கார்டுக்கு மூச்சு விட நேரமில்லை, விளையாட்டே எல்லாவற்றையும் தின்றுவிடுகிறது. என்கோடிங் லேக் என்றால் படத்தைச் சுருக்கி வீடியோவாக்கும் வேலை பின்தங்குகிறது. மூன்றாவது, டிராப்டு ஃபிரேம்ஸ், நெட்வொர்க் என்று போட்டிருக்கும். வீடியோ தயாராகிவிட்டது, உங்கள் வீட்டை விட்டு வெளியே போகத்தான் வழியில்லை என்று அர்த்தம்.

உங்களுடையது முக்கால்வாசி மூன்றாவதுதான். நீங்கள் எழுதியதிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. கட்டம் சிவப்பாவது நெட்வொர்க்குக்கு. படம் நின்று குரல் மட்டும் வருவது ஏனென்றால், வழி அடைபடும்போது ஓபிஎஸ் வீடியோ ஃபிரேம்களைத்தான் தூக்கிப் போடும், ஆடியோவைக் காப்பாற்றிக்கொள்ளும். காலையில் நன்றாக இருந்து ராத்திரி கெடுவதும் அதனால்தான், காலை ஒன்று ராத்திரி ஒன்று என்று கிராபிக்ஸ் கார்டு வேலை செய்வதில்லை.

இப்போது அந்த 6500 எக்ஸ்டிக்கு வருகிறேன். மன்னிக்கவும், இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன். கார்டு என்றால் விளையாட்டைக் காட்டுகிற சிப் மட்டும் இல்லை. வீடியோவைச் சுருக்குவதற்கென்று ஒரு சின்னப் பகுதி அதற்குள்ளேயே தனியாக உட்கார்ந்திருக்கும். என்விடியாவில் அதற்குப் பெயர் என்வென்க். உங்கள் 1650-இல் அது இருக்கிறது. 1650 சூப்பரில் இருப்பதை விட ஒரு தலைமுறை பழையதுதான், அதனால் என்ன, வேலை செய்யும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியில் அந்தப் பகுதியே கிடையாது. மெதுவாக வேலை செய்கிறது என்று சொல்லவில்லை, ஏஎம்டி அதை வைக்கவே இல்லை. 6400-லும் இல்லை. என்விடியா பக்கம் ஜிடி 1030-லும் இல்லை. விளையாடுவதற்கு மட்டும் என்றால் 6500 எக்ஸ்டி மோசமான கார்டு என்று சொல்ல மாட்டேன். லைவ் போடுகிறவனுக்கு அது ஒரு கையை வெட்டிக் கொடுத்த மாதிரி.

இதோடு இன்னொன்றும் சேருகிறது. இன்டெல் பிராசஸர்களில் பெரும்பாலானவற்றில் உள்ளேயே ஒரு சின்ன கிராபிக்ஸ் இருக்கும், அதில் குயிக் சிங்க் என்று ஒரு என்கோடர், அவசரத்துக்கு அதை வைத்துச் சமாளித்துவிடலாம். உங்கள் 12400-க்குப் பின்னால் எஃப் என்று ஒரு எழுத்து இருக்கிறதே, உள் கிராபிக்ஸ் இல்லை என்பதற்கான அடையாளம் அது. விலை கொஞ்சம் குறையும் என்று வாங்கியிருப்பீர்கள், தப்பில்லை. ஆனால் எஃப் பிராசஸரையும் 6500 எக்ஸ்டியையும் ஒரே டப்பாவில் போட்டால் அந்தக் கம்ப்யூட்டரில் வீடியோவைச் சுருக்க ஹார்டுவேர் என்று எதுவுமே மிஞ்சாது, மொத்தச் சுமையும் பிராசஸர் தலையில், அதுவும் விளையாட்டை ஓட்டிக்கொண்டே. இப்போது எப்போதாவது வரும் 'ஓவர்லோடட்' அப்புறம் தினமும் வரும். 9000 ரூபாய் கொடுத்து, கையில் இருக்கும் என்கோடரையும் கழற்றிக் கொடுத்துவிட்டு வர வேண்டுமா? கடைக்காரருக்கு இது தெரியாது என்று நான் நினைக்கவில்லை. அவரிடம் தேங்கிக் கிடக்கும் சரக்கு அது, அவ்வளவுதான். அவரே அடுத்ததாக 'கேப்சர் கார்டு போட்டா சரியாயிடும்' என்பார், அதையும் காதில் வாங்காதீர்கள். கேப்சர் கார்டு பிளேஸ்டேஷன் மாதிரி வேறு பெட்டியிலிருந்தோ இரண்டாவது கம்ப்யூட்டரிலிருந்தோ படத்தை எடுக்கத்தான். ஒரே கம்ப்யூட்டரில் விளையாடி அதிலேயே லைவ் போடுகிறவருக்கு அதனால் நயா பைசா பயனில்லை.

அந்த 'ஓவர்லோடட்' எச்சரிக்கை இப்போது வருவதற்குக் காரணம் அநேகமாக ஓபிஎஸ் செட்டிங்ஸில் அவுட்புட் பகுதியில் என்கோடர் எக்ஸ்264 என்றோ சாஃப்ட்வேர் என்றோ இருப்பதுதான். என்விடியா என்வென்க் எச்.264 என்று மாற்றுங்கள், ப்ரீசெட் பி4, ரேட் கன்ட்ரோல் சிபிஆர், கீஃபிரேம் இடைவெளி 2 வினாடி. செலவு பூஜ்யம்.

சரி, நெட்வொர்க். 'யூடியூபில் 4கே படமே தடையில்லாமல் பார்க்கிறேன், நெட் எப்படிக் கோளாறாகும்' என்று எல்லோரும் கேட்கிறார்கள். நம் ஊரில் காவேரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருகிறது, ஆனாலும் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது இல்லையா, கீழே சம்ப், அதாவது நிலத்தடித் தொட்டி, இருப்பதால். படம் பார்ப்பது அப்படி. உங்கள் போன் முன்கூட்டியே கொஞ்சம் இழுத்து நிரப்பி வைத்துக்கொள்ளும், நடுவில் ஐந்து வினாடி நெட் தடுமாறினாலும் தெரியாது. லைவ் அனுப்புவதற்குச் சம்ப் கிடையாது. இந்த வினாடி நடந்ததை இந்த வினாடியே அனுப்பியாக வேண்டும், தடுமாறினால் ஓபிஎஸ் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஃபிரேமைத் தூக்கி எறிந்துவிடும். அதனால் 100 எம்பிபிஎஸ் என்ற பெரிய எண் உங்களுக்கு வேண்டியதே இல்லை. 6 எம்பிபிஎஸ் அப்லோட், மூன்று மணி நேரம் ஆடாமல் அசையாமல் கிடைத்தால் போதும்.

ஆட்டம் எங்கே என்று கண்டுபிடிக்க ராத்திரி லைவ் ஓடும்போதே கமாண்ட் பிராம்ப்ட் என்ற கருப்பு ஜன்னல் இரண்டைத் திறந்து, ஒன்றில் உங்கள் ரூட்டரின் முகவரிக்கும் (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1), இன்னொன்றில் 8.8.8.8-க்கும் விடாமல் பிங் (தகவல் போய்த் திரும்ப எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்ற சோதனை) போட்டுப் பாருங்கள். ரூட்டருக்கே எண் 2, 3 என்று போய்க்கொண்டிருந்து திடீரென்று 80, 250 என்று குதித்தால் குற்றவாளி உங்கள் வைஃபை. ரூட்டருக்கு ஒழுங்காக இருந்து வெளியே மட்டும் குதித்தால் ஒன்று உங்கள் லைவே வழியை முழுதாக அடைத்துக்கொண்டிருக்கிறது, பிட்ரேட்டை (வினாடிக்கு எவ்வளவு வீடியோ டேட்டா அனுப்புவது என்ற அளவு) பாதியாக்கினால் அது தெரிந்துவிடும். அப்படியும் குதித்தால் கோளாறு நெட் கொடுக்கும் கேபிள்காரரிடம்.

என் அனுபவத்தில் பத்தில் எட்டு பேருக்கு வைஃபைதான். வைஃபை ஓடும் இரண்டு அலைவரிசைகளில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல் மூன்றே மூன்று: 1, 6, 11. உங்கள் தெருவில் சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகள், வீட்டுக்கு ஒரு ரூட்டர், ராத்திரி எட்டு மணிக்கு எல்லோரும் சீரியலும் கிரிக்கெட்டும். வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் கூட்டம் குறையும், ஆனால் ஹாலுக்கும் அறைக்கும் நடுவே இருக்கும் சுவரைத் தாண்டுவதற்குள் அது பாதி செத்துவிடும்.

ஆகவே ஒயர். ஹாலிலிருந்து உங்கள் அறைக்கு 15 மீட்டர் இருக்குமா? கேட்5இ ரக லேன் ஒயர் போதும், 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் தாங்கும். வாடகை வீடு, ஓனர் சுவரில் துளை போட விடமாட்டார் என்று தெரியும், கதவு நிலையை ஒட்டி கிளிப் அடித்துக் கொண்டுபோய்விடுங்கள், அம்மா இரண்டு நாள் முணுமுணுப்பார், அப்புறம் பழகிவிடும். வாங்கும்போது முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசியதைக் 'கேட்6' என்று பெரிதாக அச்சடித்து விற்கிறார்கள், கையில் எடுத்தால் லேசாக இருக்கும், முனையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். தங்க முலாம் பூசிய 'கேமிங் கேபிள்' என்பதெல்லாம் கோயில் வாசல் வியாபாரம். வைஃபை எக்ஸ்டெண்டரும் வேண்டாம், மலிவான எக்ஸ்டெண்டர் கேட்டதைத் திருப்பிச் சொல்லியே பாதி வேகத்தைத் தின்றுவிடும்.

ஒயர் போட்ட பிறகும் ராத்திரி வெளியே போகும் பிங் குதித்தால்தான் கேபிள்காரரிடம் போக வேண்டும், அங்கேதான் எனக்குப் பொறுமை போய்விடும். அவர் கொடுக்கும் முதல் பதில் '200 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறுங்க'. மாறாதீர்கள். பல இடங்களில் தெருமுனை வரைதான் ஃபைபர், அங்கிருந்து யாரோ ஒருவர் மொட்டைமாடியில், அவர் வீட்டுக் கரண்டிலேயே ஓடும் ஒரு சின்ன ஸ்விட்ச், அதிலிருந்து வீடுகளுக்கு லேன் ஒயர். முப்பது வீடு அந்த ஒரே குழாயில் தொங்கும்போது உங்களுக்கு மட்டும் பிளானை ஏற்றி என்ன ஆகப்போகிறது? நிஜ ஃபைபர் வீட்டுக்குள் வந்தாலும் கதை பெரிதாக மாறாது, ஜிபான் என்ற அந்த முறையில் கீழே வர 2.5 ஜிபிபிஎஸ், மேலே போக அதில் பாதி, அதையும் பல வீடுகள் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். மத்திய அரசு 2023-இல் பிராட்பேண்ட் என்றால் என்ன என்று வரையறையைத் திருத்தியது. குறைந்தபட்ச டவுன்லோட் வேகம் 2 எம்பிபிஎஸ் என்றார்கள், அப்லோட் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாம் எதைக் காட்டிச் சண்டை போடுவது?

என் வீட்டிலேயே ஒரு ஆபரேட்டரிடம் 100 எம்பிபிஎஸ் வாங்கியிருந்தேன், ரசீதில் 'அப் டு' என்று பொடி எழுத்தில் இருந்ததை நான்தான் கவனிக்கவில்லை, அப்லோட் ராத்திரியில் 4-ஐத் தாண்டாது. புகார் கொடுத்தால் 'நாளெ பர்த்தீனி சார்' (நாளைக்கு வருகிறேன் சார்) என்று பையன் சொல்லுவான், யாரும் வரமாட்டார்கள், மறுநாள் உங்கள் குறை தீர்க்கப்பட்டது என்று எஸ்எம்எஸ் மட்டும் தவறாமல் வந்துவிடும். ஐந்து முறை. ஸ்பீட் டெஸ்ட் போட்டுக் காட்டினால் அவர்கள் நெட்வொர்க்குக்குள்ளேயே இருக்கும் சர்வரைத் தேர்ந்தெடுத்து 95 என்று திருப்பிக் காட்டினார்கள், பக்கத்துத் தெருவுக்கு வேகமாகப் போகும் என்பதற்கு அத்தாட்சி அது, யூடியூப் அங்கேயா இருக்கிறது? கடைசியில் வேறு ஆளுக்கு மாறினேன். நீங்கள் மாறுவதாக இருந்தால் ஒரு வருடக் கட்டணம் மொத்தமாகக் கட்டினால் இரண்டு மாதம் இலவசம் என்று ஏஜெண்ட் சொல்வதை நம்பாதீர்கள், ஒரு மாதம் மட்டும் கட்டுங்கள். கமிஷன் வாங்கிக்கொண்டு போன ஏஜெண்ட் அப்புறம் போனை எடுக்க மாட்டான்.

பிட்ரேட் விஷயம் எளிது. ராத்திரி ஒன்பது மணிக்கு மூன்று நாள் அப்லோட் அளந்து, வந்ததில் மிகக் குறைவான எண்ணை எடுங்கள், அதில் அறுபது சதவீதத்தைத் தாண்டாதீர்கள். 8 எம்பிபிஎஸ் வந்தால் 4500 கேபிபிஎஸ், 720பி, 60 ஃபிரேம். 1080பி வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள், உங்களைப் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் பஸ்ஸில் போனில்தான் பார்க்கிறார்கள். அட்வான்ஸ்டு பகுதியில் நெரிசல் வந்தால் பிட்ரேட்டைத் தானே குறைத்துக்கொள்ளச் சொல்லும் ஒரு டிக் இருக்கிறது, அதையும் போட்டுவிடுங்கள். லைவ் நேரத்தில் வீட்டில் யார் போனாவது போட்டோ பேக்கப் ஏற்றிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். கல்யாண வீட்டுக்குப் போய்வந்த அப்பாவின் போன் ஒன்றே உங்கள் மொத்த அப்லோடையும் குடித்துவிடும்.

விளையாட்டில் எஃப்பிஎஸ்ஸுக்கு (வினாடிக்கு எத்தனை ஃபிரேம்) ஒரு வரம்பு வையுங்கள், 60 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு 200 எஃப்பிஎஸ் எதற்கு, கார்டு ஓபிஎஸ்ஸுக்கும் கொஞ்சம் நேரம் ஒதுக்கட்டும். ஓபிஎஸ்ஸை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால் இன்னும் நல்லது.

சாட்டில் பதில் லேட்டாக வருகிறது என்று யாராவது சொன்னால் அது லேக் இல்லை, யூடியூப் வைத்திருக்கும் தாமதம். அதைக் குறைக்கிறேன் என்று அல்ட்ரா லோ லேட்டன்சி போட்டீர்களானால் பார்க்கிறவர்களுக்கு இருக்கும் கொஞ்சநஞ்சச் சம்பையும் உடைத்துவிடுவீர்கள். இப்போதைக்கு நார்மலிலேயே விடுங்கள்.

ஒயர் போட்டு, என்கோடரை மாற்றி, ஒரு வாரம் ஓட்டுங்கள். அப்போதும் கட்டம் சிவப்பானால் ஸ்டாட்ஸ் ஜன்னலையும் இரண்டு பிங் ஜன்னல்களையும் ஒன்றாக ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள். ராத்திரி ஒன்பதரைக்கு எடுத்ததாக இருக்க வேண்டும், காலையில் எடுத்து அனுப்பினால் எல்லாம் பச்சையாகத்தான் இருக்கும்.