பதில்: தேங்காய்ப்பால் ஐஸ்கிரீம் கல்லாகிப் போகுது

தம்பி, 1 லிட்டர் சந்தானில் (தேங்காய்ப்பாலில்) பாதி தண்ணி, சீனி வெறும் 50 கிராம் என்று எழுதியிருக்கீங்க. கோளாறு அங்கேதான். சீனி இனிப்புக்கு மட்டும் இல்லை, தண்ணி முழுசா உறையாமல் தடுக்கிறதும் அதுதான். குறைத்தால் -18 டிகிரியில் செங்கல்தான்.

தண்ணியை விட்டுடுங்க. பாசார் பாகியில் (காலைச் சந்தையில்) உங்கள் கண் முன்னாலேயே பிழிந்து தரும் முதல் பால் 1 லிட்டர், குலா மலாக்கா (தென்னை வெல்லம்) 170 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. 2 மேசைக்கரண்டி சோளமாவைக் கொஞ்சம் ஆறின பாலில் கரைத்து ஊற்றி, சிறு தீயில் கிண்டிக்கிட்டே இருங்க. கொதிக்க விட்டால் பால் திரிந்து எண்ணெய் மிதக்கும். கரண்டியின் முதுகில் விரலால் கோடு போட்டால் அது அப்படியே நிற்கணும், அதுதான் பதம்.

ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் குளிர வைத்து, பிறகே ஃபிரீசர். முக்கால் மணிக்கு ஒரு தடவை எடுத்து முள்கரண்டியால் அடிங்க, நாலு தடவை போதும். இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் மத்தியான மழைக்குக் கரண்ட் போனால் ஃபிரீசரைத் திறக்கவே மாட்டேன். இளகி மறுபடி உறைந்தால் வாயில் மணல் மாதிரி நறநறக்கும்.

பரிமாறுவதற்கு 10 நிமிஷம் முந்தி வெளியே எடுத்து வைங்க.