விரதத்தில் முடிந்தது, சாதாரண நாளில் ஏன் முடியவில்லை?

தம்பி, தைப்பூச விரதத்தில் 48 நாளும் விடியற்காலை எழுந்த உங்களால், இப்போது பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையிலிருந்து பாலம் கடந்து பட்டர்வொர்த் வீட்டுக்குப் போனபின் ஏசிசிஏ (கணக்காளர் தேர்வு) புத்தகத்தைத் திறக்கக்கூட முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதைச் சோம்பேறித்தனம் என்று நீங்களே முடிவுகட்டியதுதான் எனக்கு வருத்தம்.

விரதத்தில் எப்போது எழுவது, என்ன சாப்பிடுவது, யாரோடு கோயிலுக்குப் போவது எல்லாம் முன்பே தீர்மானமாகிவிடுகிறது. வீட்டாரும் கூடவே நிற்கிறார்கள். ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையில் அப்படி எதுவும் இல்லை. களைத்துப்போன நேரத்தில் எல்லாவற்றையும் நீங்களே புதிதாக முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

அதனால் வீட்டுக்குப் போய்ப் படிக்கும் திட்டத்தையே விடுங்கள். வேலை முடியும் நேரத்தில் பினாங்குப் பாலம் எப்படியும் நெரிசல்தான். உடனே பாலம் ஏறாமல், கேண்டீனிலோ பக்கத்து மாமாக் உணவுக்கடையிலோ ஒரு தே தாரிக் தேநீரோடு உட்காருங்கள். ஒரே ஒரு பழைய தேர்வுக் கேள்வி. எது என்பதை முதல் நாளே குறித்து வையுங்கள். மனம் வருகிறதா என்று காத்திருக்க வேண்டாம்.

லண்டனில் பிலிப்பா லாலி என்ற ஆய்வாளரின் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பழக்கம் படிய 18 முதல் 254 நாள் வரை ஆகலாம் என்று கணித்தார்கள். இடையில் ஒரு நாள் விட்டதால் பெரிய பாதிப்பு இல்லை. ஆகவே ஓவர்டைம் நாளில் விட்டுப்போனால், மறுநாள் இரட்டிப்பாகப் படிக்க முயலாதீர்கள். அதே ஒரு கேள்விதான்.

அப்புறம், டிசம்பரில் இரண்டு தாள் என்றீர்கள். முழுநேர வேலையோடு ஒன்று போதும், மற்றதை மார்ச்சில் எழுதலாம்.