சென்னை வெயிலில் குட்டி இறால் வளர்க்க முடியுமா?

கேள்வி: மீனுக்குப் பதிலாகச் சின்ன நன்னீர் இறால்களை வீட்டில் வளர்க்க ஆசை. சென்னை வெயிலுக்கும் போர் தண்ணீருக்கும் தாங்குமா? எதை வாங்கலாம், எப்படி ஆரம்பிக்கலாம்?

தாராளமாக வளர்க்கலாம். ஆனால் யூடியூபில் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை குளிர் நாட்டுக்காரர்கள் தங்கள் வீட்டை மனதில் வைத்துச் சொன்னவை. அவர்கள் ஹீட்டர் வாங்கச் சொல்வார்கள். நமக்குத் தண்ணீர் சூடாகாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. அவர்களுக்கு வருடம் முழுக்கக் குழாயில் ஒரே மாதிரித் தண்ணீர் வரும். நமக்கு ஒரு நாள் மெட்ரோ, ஒரு நாள் லாரி, மற்ற நாள் போர். இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டு தொட்டியை அமைத்தால், இறால் வளர்ப்பு மீன் வளர்ப்பைவிடச் சுலபம் என்றே சொல்வேன். என் வீட்டுக் கூடத்தில் சில வருடங்களாக வளர்க்கிறேன், அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

முதலில் எதை வாங்குவது? செர்ரி ஷ்ரிம்ப். அறிவியல் பெயர் நியோகாரிடினா டேவிடி. சீனா, தைவான் பக்கத்து ஓடைகளில் வாழும் இறால் இது. இயற்கையில் அதற்குப் பளிச்சென்ற நிறமெல்லாம் கிடையாது. உடல் ஊடுருவித் தெரியும் மங்கிய பழுப்புதான். அதில் சிவப்புச் சாயல் உள்ளவற்றைத் தைவானில் பொறுக்கியெடுத்து, தலைமுறை தலைமுறையாகப் பெருக்கித்தான் இன்றைய செக்கச்சிவந்த செர்ரி வந்தது. மஞ்சள், நீலம், ஆரஞ்சு எல்லாம் இதே இனத்தின் நிறங்கள்தான். அழகாக இருக்கிறதே என்று எல்லா நிறத்தையும் ஒரே தொட்டியில் விடாதீர்கள். அவை ஒன்றோடொன்று சேர்ந்து, சில தலைமுறையில் பழைய பழுப்புக்கே திரும்பிவிடும். ஒரு தொட்டிக்கு ஒரு நிறம்.

கடையில் கிரிஸ்டல் ரெட் என்று சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட இறாலைக் காட்டுவார்கள். பார்க்க அத்தனை அழகு. ஆனால் அதற்கு 20 முதல் 24 டிகிரி வரை குளிர்ந்த, மென்மையான, லேசாக அமிலத்தன்மை உள்ள தண்ணீர் வேண்டும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவி இல்லாமல் சென்னையில் அதை வளர்ப்பது அந்த உயிருக்கு நாம் செய்யும் கொடுமை. அமானோ ஷ்ரிம்ப் கிடைத்தால் வாங்கலாம், பாசியைத் தின்பதில் அதை மிஞ்ச ஆளில்லை. ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் தகாஷி அமானோ தன்னுடைய செடித் தொட்டிகளில் விட்டு உலகத்துக்கே அறிமுகப்படுத்திய இறால் அது. ஆனால் அதன் குஞ்சுகள் உப்பு கலந்த நீரில்தான் பிழைக்கும், அதனால் சாதாரணத் தொட்டியில் பெருகாது. செர்ரிக்கு அந்தச் சிக்கல் இல்லை. முட்டையிலிருந்து வெளிவரும்போதே தாயின் குட்டி வடிவமாக வந்து, அதே தொட்டியில் மேய ஆரம்பித்துவிடும்.

இனி வெயில். செர்ரிக்கு 20 முதல் 27 டிகிரி வரை சுகம். 30 தாண்டினால் சோர்ந்துபோகும், முட்டை வைப்பது குறையும். சூட்டைவிட, சூட்டால் ஆக்சிஜன் குறைவதுதான் பெரிய ஆபத்து. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். அதே சமயம் சூட்டில் இறாலுக்கு மூச்சுத் தேவை கூடும். ஆகவே மே மாதத்தில் தண்ணீர் 31, 32 என்று போனாலும் காற்றோட்டம் நன்றாக இருந்தால் செர்ரி சமாளித்துவிடும். காற்று நின்றால் சமாளிக்காது. ஏர் பம்ப் 24 மணி நேரமும் ஓட வேண்டும். கரண்ட் போகும் ஏரியா என்றால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கட்டாயம். இரவில் செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் என்பதால் நள்ளிரவு மின்வெட்டுதான் மோசமானது.

தண்ணீரைக் குளிர்விக்கச் சின்ன டேபிள் ஃபேன் போதும். நீர்மட்டத்தின் மேல் காற்று படும்படி வைத்தால், ஆவியாகும் நீர் இரண்டு மூன்று டிகிரி சூட்டைக் கொண்டுபோய்விடும். மதுரை, கோவை பக்கம் காற்று காய்ந்திருப்பதால் இன்னும் நன்றாக வேலை செய்யும். ஐஸ் கட்டி போடாதீர்கள். சூடு மெல்ல ஏறினால் தாங்கும் இறால், சட்டென்று இறங்குவதைத் தாங்காது. இதே காரணத்துக்காகத்தான் மேஜை மேல் வைக்கும் கண்ணாடிக் கிண்ணம் வேண்டாம் என்கிறேன். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் 50 லிட்டருக்கு மேல் பிடிக்கும். அவ்வளவு தண்ணீர் சூடாகவும் நேரமாகும், ஆறவும் நேரமாகும். ஜன்னலோரம் மட்டும் வைக்காதீர்கள்.

ஃபேன் வைத்தால் தண்ணீர் வேகமாகக் குறையும். ஆவியாவது வெறும் நீர்தான், அதிலிருந்த உப்புகள் அப்படியே தங்கிவிடும். குறைந்ததற்குப் போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் மாதாமாதம் உப்பு கூடிக்கொண்டே போகும். குறைந்ததை நிரப்ப ஆர்ஓ தண்ணீர். இதை மறக்கக் கூடாது.

தண்ணீர் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் சென்னையில் பெரும்பாலான இறால்கள் சாவது இதனால்தான். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான். செர்ரிக்கு 150 முதல் 300 வரை நல்லது. உங்கள் போர் தண்ணீர் 900 காட்டுகிறது, ஆர்ஓ தண்ணீர் 50 காட்டுகிறது என்றால், ஒரு பங்கு போருக்கு மூன்று பங்கு ஆர்ஓ கலந்தால் 260 பக்கம் வரும். ஆனால் டிடிஎஸ் என்பது மொத்த உப்பைத்தான் சொல்லும், எந்த உப்பு என்று சொல்லாது. கடலோரப் பகுதிகளில் போரில் கடல்நீர் கலந்திருக்கும். இறாலுக்கு வேண்டியது சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும், சமையல் உப்பு இல்லை. உங்கள் பகுதி அப்படி என்றால் மெட்ரோ தண்ணீரை எடுத்துக்கொள்வது மேல். அதிலும் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கி அனுப்பும் தண்ணீர் வரும் தெருவுக்கும், ஏரித் தண்ணீர் வரும் தெருவுக்கும் வித்தியாசம் இருக்கும். அதனால் பக்கத்து ஏரியா நண்பர் சொன்ன அளவை அப்படியே பின்பற்றாமல் நீங்களே அளந்து பாருங்கள். மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்கும், ஆன்டி குளோரின் சொட்டு விட்ட பிறகே பயன்படுத்துங்கள். தனி ஆர்ஓ தண்ணீரில் மட்டும் வளர்க்க முடியாது. அதில் ஓடு கட்டப் போதிய சத்து இல்லை.

செம்பு இறாலுக்கு விஷம். இப்போது நிறைய வீடுகளில் செம்புக் குடத்தில் தண்ணீர் வைத்துக் குடிக்கிறார்கள், அந்தத் தண்ணீர் தொட்டிக்கு வேண்டாம். கீசர் தண்ணீரும் வேண்டாம். மீனுக்கு விற்கும் மருந்துகள் பலவற்றில் செம்பு உப்பு இருக்கும், லேபிளைப் படிக்காமல் ஒரு சொட்டுகூட விடாதீர்கள்.

அடுத்தது கொசு மருந்து. கொசுவர்த்தி, பிளக்கில் மாட்டும் லிக்விட், ஸ்ப்ரே, எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது பைரித்ராய்டு வகை மருந்து. பூச்சியைக் கொல்லும் அதே மருந்து இறாலையும் கொல்லும், இரண்டும் கணுக்காலிகள். அறையில் இருக்கும் காற்றைத்தான் ஏர் பம்ப் உறிஞ்சித் தண்ணீருக்குள் அனுப்புகிறது என்பதை யோசித்துப் பாருங்கள். தொட்டி இருக்கும் அறையில் இவை எதுவும் வேண்டாம், வலை கட்டிக்கொள்ளுங்கள். மாநகராட்சி வண்டி புகை அடித்துக்கொண்டு வரும்போது ஜன்னலைச் சாத்தி, தொட்டியை மூடி, புகை அடங்கும் வரை பம்ப்பை நிறுத்தி வையுங்கள். கையில் கொசுக் கிரீம் தடவியிருந்தால் சோப்பு போட்டுக் கழுவாமல் தண்ணீரில் கை வைக்காதீர்கள். இன்னொன்று, இறால் கொசுப்புழுவைப் பிடித்துத் தின்னாது. டெங்கு பரப்பும் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். எனவே மீன் இல்லாத தொட்டிக்கு மேலே மெல்லிய வலைத்துணி போட்டே ஆக வேண்டும்.

தொட்டிக்குள் என்ன வைப்பது? நன்றாகக் கழுவிய சாதாரண மணல் போதும். தண்ணீரை லேசாக அமிலமாக்கும், விலை அதிகமான ஆக்டிவ் சாயில் என்ற மண் கிரிஸ்டல் வகைகளுக்கானது, நம் கடினமான தண்ணீரில் சீக்கிரம் வலுவிழந்துவிடும். ஃபில்டர் என்றால் ஸ்பாஞ்ச் ஃபில்டர், குஞ்சுகளை உள்ளே இழுக்காது. ஜாவா மாஸ் என்ற நீர்ச்செடி ஒரு கைப்பிடி. பாதாம் மரத்தடியில் பழுத்து உதிர்ந்து காய்ந்த இலைகளைக் கழுவி இரண்டு போடுங்கள். தெருவுக்குத் தெரு இருக்கும் மரம். வெளிநாட்டு இறால் வளர்ப்பாளர்கள் இந்த இலையைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். இலை ஊறி மெல்ல மட்கும்போது அதன்மேல் வழவழப்பான ஒரு படலம் வளரும். அதுதான் குஞ்சுகளின் முதல் சாப்பாடு.

எல்லாம் வைத்தபின் நான்கு முதல் ஆறு வாரம் இறால் இல்லாமல் ஓட விடுங்கள். அழுகும் பொருளிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஸ்பாஞ்சிலும் மணலிலும் குடியேற அவ்வளவு நாள் ஆகும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் என்று டெஸ்ட் கிட் காட்டிய பிறகு, வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூர் போகலாம், காலையிலேயே. மதிய வெயிலில் பையில் எடுத்து வராதீர்கள். பெரிதாக, கொழுத்து இருப்பவற்றை எடுக்கவும் வேண்டாம். இவற்றின் ஆயுளே ஒன்றிலிருந்து இரண்டு வருடம்தான், பெரியவை ஏற்கெனவே பாதி வாழ்ந்திருக்கும். நடுத்தர அளவில் பத்துப் பதினைந்து போதும். எத்தனை நாளாகத் தொட்டியில் இருக்கிறது என்று கேளுங்கள். இங்கேயே யாரோ வீட்டில் பெருக்கியது என்றால் யோசிக்காமல் வாங்குங்கள், நம் சூட்டிலேயே பிறந்தவை அவை. வீட்டுக்கு வந்ததும் ஏர் குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு, உங்கள் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அவற்றின் பாத்திரத்தில் இறக்கி, ஒரு மணி நேரத்துக்கு மேல் பழக்கி விட்டுத் தொட்டியில் விடுங்கள்.

சாப்பாடு கொஞ்சமாகத்தான் வேண்டும். வாரத்தில் இரண்டு மூன்று முறை, மருந்தடிக்காத முருங்கைக்கீரை வேகவைத்தது நாலு இலை, அல்லது இறாலுக்கென்று விற்கும் தீனி ஒரு சிட்டிகை. மிச்சத்தை இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள், நம் சூட்டில் உடனே கெட்டுப்போகும். தண்ணீர் மாற்றுவதும் வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு மட்டும், மெதுவாக.

சில நாளில் ஒரு இறால் அசையாமல் கிடப்பது தெரியும், பதறாதீர்கள். தூக்கிப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. பாம்பு சட்டை உரிப்பதுபோல இறாலும் வளர வளரப் பழைய ஓட்டை முழுசாகக் கழற்றிப் போடும், மீசை முதல் கால் நுனி வரை. அதை எடுக்காமல் விடுங்கள், அதிலுள்ள சத்துக்காக அவையே தின்னும். உரித்த ஒன்றிரண்டு நாள் உடம்பு மெத்தென்று இருப்பதால் மாஸுக்குள் ஒளிந்துகொள்ளும். தண்ணீரின் தன்மை திடீரென்று மாறினால் நேரங்கெட்டு உரிக்க ஆரம்பித்து, பாதியில் மாட்டிக்கொண்டு செத்துப்போகும். தண்ணீர் விஷயத்தில் நான் இத்தனை கறாராக இருப்பது அதற்காகத்தான்.

வளர்ந்த பெண் இறால் உரித்த அன்று தொட்டியைப் பாருங்கள். அது தண்ணீரில் விடும் வாசனையால் ஆண்கள் எல்லாம் மேலும் கீழும் பாய்ந்து பாய்ந்து தேடும். அதற்கு முன்பே பெண்ணின் பிடரியில் மஞ்சளாக ஒரு திட்டு தெரிந்திருக்கும், சினைப்பையிலுள்ள முட்டைகள் அவை. சேர்ந்தபின் அவை வயிற்றுக்கடியில் இறங்கி, இருபது முப்பது முட்டைகளாக நீச்சல் கால்களில் ஒட்டிக்கொள்ளும். மூன்று நான்கு வாரம் தாய் ஓயாமல் அந்தக் கால்களை வீசி முட்டைகளுக்கு நல்ல தண்ணீர் படவைக்கும், அழுக்கு சேர விடாது. கடைசி நாட்களில் முட்டைக்குள் இரண்டு கருப்புக் கண் புள்ளிகள் தெரியும். ஒரு லென்ஸ் வைத்துக்கொண்டு அதைப் பாருங்கள், குழந்தைகள் இருந்தால் கூப்பிட்டுக் காட்டுங்கள். இந்த வளர்ப்பில் எனக்கு இதைவிடப் பிடித்தது வேறில்லை. குஞ்சு இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். கூட கப்பி மீன் இருந்தால் ஒன்றும் மிஞ்சாது, ஃபைட்டர் என்றால் பெரியவையும் மிஞ்சாது. நத்தை மட்டும் கூட இருக்கட்டும்.

பொட்டலத்தில் முட்டை வாங்கிப் பொரிக்கவைக்கும் சீ மங்கி பற்றியும் சிலர் கேட்பார்கள். அது ஆர்டீமியா என்ற உப்புநீர் உயிரி. அமெரிக்காவில் அதை விற்ற ஹரோல்ட் வான் பிரான்ஹட் 1962ல் அந்தப் பெயரை வைத்தார். ஆர்டீமியா தூத்துக்குடி உப்பளங்களிலேயே இருக்கிறது. ஒரு நாளில் பொரித்துவிடும், பிள்ளைகளுக்குக் காட்ட அருமையானது. ஆனால் அறைக்குள் ஒரு சின்ன ஜாடியில் அதைத் தொடர்ந்து வளர்ப்பது செர்ரியைவிடக் கஷ்டம்.

செர்ரி பெருக ஆரம்பித்தால் வேகமாகப் பெருகும். மிஞ்சியதை ஏரியிலோ கால்வாயிலோ கொண்டு விடாதீர்கள். ஜெர்மனியில் மின்நிலையத்தின் சூடான கழிவுநீர் கலக்கும் கில்பாக் என்ற ஓடையில், தொட்டியிலிருந்து போன இந்த இறால் குடும்பம் குடும்பமாக நிலைத்துவிட்டது. அங்கே அந்த ஓடைச் சூடு மட்டும்தான் அதற்கு வழி. நம் ஊரில் எந்தக் குளமும் அதற்குக் குளிராது. நம் நீர்நிலைகளில் ஏற்கெனவே காரிடினா வகைச் சின்ன இறால்கள் வாழ்கின்றன, அவற்றின் இடம் அது. தொட்டி தயாராக வைத்திருக்கும் வேறு யாருக்காவது கொடுங்கள். கொடுக்கும்போது உங்கள் தண்ணீரின் டிடிஎஸ் எவ்வளவு என்று எழுதி, கூடவே ஒரு பிடி பழைய ஜாவா மாஸும் போட்டுக் கொடுங்கள்.