இருபத்தெட்டுக் குழி

கேள்வி: எனக்கு 54 வயதாகிறது. கும்பகோணத்தில் கல்லூரி ஆசிரியையாக இருக்கிறேன். பிறந்த ஊர் திருத்துறைப்பூண்டிக்கு அருகில். அப்பா காலமான பிறகு எங்கள் இரண்டரை வேலி (பதினாறு ஏக்கருக்குச் சற்று மேல்) நிலத்தையும் அண்ணன்தான் பார்த்துக்கொள்கிறார். எங்கள் ஊரின் தெற்குத் தெருவில் வசிக்கும் தலித் மக்களுக்குச் சுடுகாட்டுக்குப் போகப் பாதை கிடையாது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கார்த்திகை மழையில், எங்கள் வயலிலேயே ஆயுள் முழுக்க நடவு நட்ட ஒரு மூதாட்டியின் பாடையை, முழங்கால் சேற்றில் பயிரை மிதித்துக்கொண்டு தூக்கிப் போனதைப் பார்த்தேன். அன்று முதல் அவர்களோடு சேர்ந்து மனு கொடுத்து வருகிறேன். ஒன்பது மனுக்களின் ஒப்புகைச் சீட்டுகளும் என் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. பாதை மட்டும் வரவில்லை. எங்கள் வயலின் வடவரப்பை ஒட்டிச் சுமார் நானூறு அடி நீளத்துக்குப் பத்தடி அகலம் வேண்டும் என்கிறார் கிராம நிர்வாக அலுவலர். அண்ணன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். தெற்குத் தெருக்காரர்களே இப்போது சும்மா இருக்கிறார்கள். போன மாதம் அந்தத் தெருப் பையன் ஒருவன், "நீங்க வந்தா ஆபீசர் வர்றாருக்கா, நீங்க போனா அவரும் போயிடுறாரு" என்று முகத்துக்கு நேரே சொன்னான். இதற்குமேல் நான் ஏன் மாரடிக்க வேண்டும்? என்னால் ஆனதைச் செய்துவிட்டேன் என்று ஒதுங்கிக்கொள்வது தவறா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்தபோது உங்கள் களைப்புதான் கண்ணில் பட்டது. மூன்று ஆண்டுகள் அலுவலகப் படி ஏறி இறங்கி, உடன்பிறந்தவரின் பேச்சையும் இழந்து, உடம்பையும் கெடுத்துக்கொண்ட ஒருவரிடம் "இன்னும் செய்யுங்கள்" என்று வீட்டில் உட்கார்ந்து எழுதுவது எளிது என்பதை நான் அறிவேன். இரண்டாவது முறை படித்தபோது வடவரப்பு பற்றிய அந்த ஒரு வரி கண்ணில் பட்டது. பிறகு கடிதம் முழுவதும் எனக்கு வேறாகத் தெரியத் தொடங்கியது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் அந்தப் பையன் சொன்னது. நீங்கள் அதை ஏச்சாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்தத் தொனியும் அதில் இருந்திருக்கலாம். ஆனால் அலுவலகம் எப்படி நடக்கிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவனின் துல்லியமான வாக்குமூலம் அது. நீங்கள் வரும் நாளில் வருவாய் ஆய்வாளர் சுடுகாடு வரை நடக்கிறார், நீங்கள் பேருந்து ஏறியதும் கோப்பு மூடப்படுகிறது. மூன்று ஆண்டுகளில் தாலுகா அலுவலகத்தில் உங்களுக்கு ஒவ்வொரு முறையும் நாற்காலி போட்டிருப்பார்கள். உடன் வந்த தெற்குத் தெருப் பெரியவர் தூணோரம் நின்றிருப்பார். அவருக்கு உங்களைவிட வயது கூடுதலாக இருக்கும், சுடுகாட்டுக்குத் தன் தாய் தகப்பனைத் தூக்கிப்போன கணக்கும் அவரிடம்தான் இருக்கும். இருந்தும் உங்கள் ஒரு சொல்லுக்கு இருக்கிற எடை அவருடைய பத்துச் சொல்லுக்கு இல்லை. இந்த எடையை நீங்கள் கேட்டு வாங்கவில்லை. வேண்டாமென்று கழற்றி வைக்கவும் முடியாது. உங்களிடம் இருக்கிற வரை அதை எந்தப் பக்கத் தட்டில் வைக்கிறீர்கள் என்பது மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது. ஒதுங்கிக்கொண்டால் அது தராசை விட்டு இறங்கிவிடும் என்று நினைக்காதீர்கள். ஊரில் "அந்த அம்மாவே விட்டுவிட்டது" என்று ஒரு பேச்சு கிளம்பும், அந்தப் பேச்சு எதிர்த் தட்டில் போய் உட்காரும்.

நம் பகுதியில் இந்த எடைக்கு ஒரு கொடிய வரலாறு உண்டு. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில், கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டும் செங்கொடியை இறக்க மறுத்தும் நின்ற விவசாயத் தொழிலாளர் குடும்பங்களில் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். கீழமை நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் விடுவித்தபோது, இவ்வளவு நிலமும் காரும் வைத்திருக்கிற கனவான்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற பொருளில் தீர்ப்பில் எழுதப்பட்டிருந்தது. வசதி இருப்பதே குற்றமின்மைக்குச் சாட்சியாக ஏற்கப்பட்ட இடம் இது. உங்களுக்குப் போடப்பட்ட நாற்காலியும் அந்த மரத்தில் செய்ததுதான் என்று நான் சொன்னால் நீங்கள் வருத்தப்படக்கூடும். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். பண்ணையாட்களைச் சவுக்கால் அடிப்பதும் சாணிப்பால் குடிக்கவைப்பதும் கூடாதென்று 1944-இல் மன்னார்குடியில் ஒப்பந்தம் ஏற்பட்டது. கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பி. சீனிவாசராவ் 1943-இல் தஞ்சைக்கு வந்து தொழிலாளர்களைத் திரட்டியதன் பலன் அது. 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. அதோடு முடிந்தது என்று எண்ணிய நல்லவர்கள் அன்றும் பலர் இருந்திருப்பார்கள். வெண்மணி அதற்குப் பதினாறு ஆண்டுகள் கழித்து நடந்தது. சீனிவாசராவ் 1944-லேயே ஊருக்குத் திரும்பியிருக்கலாம், எவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். 1961-இல் இறக்கும் வரை அவர் இந்த மண்ணை விட்டுப் போகவில்லை. அவருடைய நினைவிடம் உங்கள் திருத்துறைப்பூண்டியில்தான் இருக்கிறது. பிராமணக் குடும்பத்தில் பிறந்து, இளமையிலேயே கைம்பெண்ணாகி, தலைமுடியை வெட்டிக்கொண்டு வேட்டியும் சட்டையுமாகச் சேரி சேரியாக நடந்து விவசாயத் தொழிலாளர்களைத் திரட்டிய மணலூர் மணியம்மையும் உங்கள் பக்கத்துக்காரர்தான். உங்களை அவர்களோடு ஒப்பிடச் சொல்லவில்லை. அந்த உயரத்தைக் காட்டிக் காட்டியே நம்மைப் போன்றவர்கள் "நம்மால் ஆகாது" என்று கைகழுவிக்கொள்கிறோம் என்பது என் நெடுநாள் சந்தேகம்.

தெற்குத் தெருக்காரர்களே சும்மா இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் யார் வயலில் வேலைக்குப் போகிறார்கள்? அறுவடைக்கு எந்திரம் வந்த பிறகு கிடைக்கிற வேலை நாட்களே சொற்பம், அந்தச் சொற்பத்தையும் கொடுப்பவர்களில் உங்கள் அண்ணனும் ஒருவராக இருப்பார். கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ கைமாற்று வாங்கியதும் அங்கேயேதான் இருக்கும். ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டால் நீங்கள் இழப்பது அண்ணனின் பேச்சு, அவர்கள் இழப்பது நாளைய கூலி. அவர்களின் மௌனத்தைச் சம்மதம் என்றோ அலட்சியம் என்றோ படிப்பது, கிணற்றுக்குள் இருப்பவன் கூப்பிடவில்லையே என்று கயிற்றைச் சுருட்டிக்கொள்வது போன்றது. உங்களைப் போல அவர்கள் இதிலிருந்து ஓய்வெடுக்க முடியாது. அடுத்த ஐப்பசியிலோ கார்த்திகையிலோ அந்தத் தெருவில் ஒரு சாவு விழத்தான் செய்யும், அப்போது பாடை அதே சேற்றில்தான் போகும்.

இதை மேடையேறிச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு, என் தாயார் ஊரில் கோயில் குடமுழுக்குக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் தலைக்கட்டு வரியை ஒரு தெருவில் மட்டும் வாங்க மறுத்தார்கள். வரி வாங்கினால் உரிமையும் கொடுக்க வேண்டுமே என்பதுதான் காரணம். நான் அந்தத் தெருக்காரர்களோடு போய்ப் பேசினேன், பத்திரிகையிலும் எழுதினேன், பாராட்டும் வாங்கினேன். பிறகு வேலை இருந்தது, சென்னைக்குத் திரும்பிவிட்டேன். மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கைபேசியில் ஒரே எண்ணிலிருந்து நான்கு அழைப்புகள் வந்திருந்தன. சாப்பிட்டுத் தூங்கி எழுந்து மாலையில் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அன்று மதியம்தான் அந்தத் தெரு இளைஞர்கள் மூவரைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போயிருந்தார்கள். எனக்குத் தெரிந்த வழக்கறிஞரின் எண்ணைக் கேட்கத்தான் கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகு அவர்கள் என்னை ஒரு வார்த்தையும் குறை சொன்னதில்லை. கூப்பிட்டதும் இல்லை.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் இது: ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள், ஒதுங்காதீர்கள். தண்ணீர் குறைந்த ஆண்டில் முறை வைத்துப் பாய்ச்சும்போது, தன் முறை முடிந்தவன் அடுத்தவன் மடைக்கு வந்து சேரும் வரை கரையிலேயே உட்கார்ந்திருப்பான். உடைப்பு எங்கே, எலி வளை எங்கே என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். உங்கள் ஒன்பது ஒப்புகைச் சீட்டுகளும் கும்பகோணத்தில் உங்கள் பீரோவில் இருக்கின்றனவே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. நாளை நீங்கள் படுத்துவிட்டால் மூன்று ஆண்டு உழைப்பும் அந்தப் பூட்டுக்குள் படுத்துவிடும். எல்லாவற்றையும் நகலெடுத்து, மனு எண், தேதி, யார் என்ன பதில் சொன்னார் என்ற குறிப்போடு, உங்களைக் குத்திப் பேசிய அந்தப் பையனிடமே கொடுங்கள். அவனுக்குக் கண் இருக்கிறது. பட்டியல் சாதியினர் வருமான வரம்பு எதுவுமில்லாமல் இலவசச் சட்ட உதவி பெறலாம் என்று 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் சொல்கிறது. சுடுகாட்டையோ பாதையையோ மற்றவர்களுக்குச் சமமாக அவர்கள் பயன்படுத்துவதைத் தடுப்பது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தப்படி குற்றமாகிறது. இவற்றை அவனிடம் சொல்லுங்கள். எப்போது, எப்படிப் பயன்படுத்துவது என்று தீர்மானிக்க வேண்டியவர்கள் அந்தத் தெருக்காரர்கள், நீங்களோ நானோ இல்லை. சட்டமும் உத்தரவும் கையில் இருந்தாலே பாதை திறந்துவிடாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதே 2016 ஜனவரியில்தான் மயிலாடுதுறைப் பக்கம் திருநாள்கொண்டச்சேரியில், பொதுப்பாதையில் போகலாம் என்று உயர் நீதிமன்றம் சொன்ன பிறகும் ஒரு முதியவரின் உடல் அந்த வழியே போக முடியவில்லை.

இனி அந்த வடவரப்புக்கு வருகிறேன். நானூறு அடிக்குப் பத்தடி என்றால் நாலாயிரம் சதுர அடி. நம் கணக்கில் 144 சதுர அடி ஒரு குழி, ஆக இருபத்தெட்டுக் குழிக்குச் சற்றுக் குறைவு. உங்கள் இரண்டரை வேலி என்பது ஐயாயிரம் குழி. ஏக்கருக்கு முப்பது மூட்டை என்று வைத்துக்கொண்டாலும் அந்த இடத்தில் ஒரு போகத்துக்கு விளைவது மூன்று மூட்டைக்கும் குறைவான நெல். இதற்காகத்தான் மூன்று ஆண்டுகளாக அரசாங்கத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். நிலமோ உங்கள் வீட்டு நிலம். "அண்ணன்தான் பார்த்துக்கொள்கிறார்" என்ற சொற்களுக்குப் பின்னால் நீங்கள் நின்றுகொண்டிருப்பதாக எனக்குப் படுகிறது. உங்கள் தகப்பனார் உயில் எழுதாமல் காலமாகி, நீங்களும் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எதிலும் கையெழுத்திடாமல் இருந்தால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே அவருடைய சொத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு. கலெக்டரிடம் கேட்டதை அண்ணனிடம் கேட்டீர்களா? பாதை கொடுங்கள் என்று கேட்பது வேறு, என் பங்கைப் பிரியுங்கள், அதில் வடவரப்பு எனக்கு வரட்டும் என்று கேட்பது வேறு. இரண்டாவதைக் கேட்க நாக்கு எழாது என்று எனக்குத் தெரியும். பிறந்த வீட்டில் பங்கு கேட்ட பெண் என்ற பெயர், ஊருக்காக மனு கொடுத்த பெண் என்ற பெயரைப் போல இனிமையானது அன்று.

அண்ணனிடம் சட்டம் பேசிக்கொண்டு போகாதீர்கள். அவர் பயப்படுவது இருபத்தெட்டுக் குழிக்காக இருக்காது. மற்ற பங்காளிகள் நாளை டீக்கடையில் என்ன சொல்வார்கள் என்பதற்காகத்தான் இருக்கும். அவரை வயலுக்கு அழைத்துப் போய் வடவரப்பில் உங்களோடு நடக்கச் சொல்லுங்கள். அந்த மூதாட்டி அவருக்கும் நடவு நட்டவர்தானே. அவர் "போய்க்கொள்ளட்டும், யார் தடுத்தது" என்று மனமிரங்கினால் அதை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். வாய்மொழி அனுமதி அவர் காலத்தோடு போய்விடும், அவர் பிள்ளை முள்வேலி போடுவான். ஊராட்சிக்குத் தானப் பத்திரம் பதிவாகி, சர்வே எண்ணில் உட்பிரிவு செய்து, புலப்படத்திலும் கிராமக் கணக்கிலும் பாதை என்று ஏறினால்தான் அது பாதை. பாகப்பிரிவினை ஆகாத நிலத்தில் குறிப்பிட்ட ஓர் இடத்தை நீங்கள் மட்டும் தனியாக எழுதிக் கொடுப்பது சிக்கல், ஆகவே ஒரு நல்ல வழக்கறிஞரிடம் தாய்ப் பத்திரத்தையும் பட்டாவையும் வாரிசுச் சான்றிதழையும் காட்டிவிட்டு இறங்குங்கள்.

சம்பா அறுப்பு முடிந்து வயல் வெடித்துக் கிடக்கிற காலத்தில்தான் நில அளவையர் சங்கிலி போட முடியும். வழக்கம்போல ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, தண்ணீர் கடைமடைக்கு வந்து, அண்ணன் நாற்றங்காலுக்கு உழுதுவிட்டால் பிறகு தை மாதம்தான். பங்குனிக்குள் ஒரு முறை ஊருக்குப் போய் வாருங்கள்.