சூரன் எந்த மயிலைப் பார்த்தான்?

மதிப்பிற்குரிய ஐயா,

இந்த சஷ்டிக்குக் குடும்பத்தோடு திருச்செந்தூர் போயிருந்தோம். கடற்கரையில் சூரசம்ஹாரம் முடிந்து எல்லோரும் அரோகரா சொன்னபோது என் மகள், "ஒருத்தரைக் கொன்னதுக்கு ஏம்மா எல்லாரும் சந்தோஷப்படுறாங்க?" என்று கேட்டாள். அவளுக்கு எட்டு வயது. "சாகலை, மயிலாவும் சேவலாவும் மாறிட்டான்" என்று சமாளித்தேன். வீட்டுக்கு வந்ததும் எனக்கே ஒரு சந்தேகம். ‘கோலமா மஞ்ஞை தன்னில் குலவிய குமரன் தன்னை’ என்ற பாட்டைச் சூரபன்மனே சொல்வதாகத்தான் அம்மா சொல்லித் தந்தார். மஞ்ஞை என்றால் மயில். சூரன் மயிலாவதற்கு முன்பே முருகன் ஏறி வந்த மயில் எது? என் கணவரோ, சூரன் கதையே வடக்கிலிருந்து வந்தது, நம் முருகன் வேறு என்கிறார். மகளுக்கு நான் சொன்னது சரிதானா?

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த மயில் இந்திரன். கந்தபுராணத்தின் யுத்த காண்டத்தில், கடைசி நாள் போரில் சூரன் சக்கரவாகப் பறவையாகி வானத்தில் சுழன்று தாக்குகிறான். அப்போது முருகன் இந்திரனைப் பார்க்க, அவன் மயிலாகி முருகனைச் சுமக்கிறான். சூரன் பார்த்தது அந்த மயிலைத்தான். போர் முடிந்து சூரனின் மயில் ஊர்தியான பிறகு இந்திரன் தன் பழைய உருவத்துக்குத் திரும்புகிறான்.

கந்தபுராணத்தைத் தமிழில் பாடிய கச்சியப்ப சிவாசாரியார் இந்த ஏற்பாட்டை ஏன் செய்தார் என்று நான் நிறைய யோசித்ததுண்டு. மயில் இல்லாமல் முருகனைப் போர்க்களத்தில் நிறுத்த அவருக்கு மனம் வந்திருக்காது என்றே தோன்றுகிறது. ஏனென்றால் சங்கப் பாட்டிலேயே மயில் அவனோடு இருக்கிறது. புறநானூறு 56-ல் ‘மணிமயில் உயரிய மாறா வென்றிப் பிணிமுக ஊர்தி ஒண்செய் யோனும்’ என்று வருகிறது. அங்கே மயில் கொடியில். ஊர்தியான பிணிமுகத்தை யானை என்பார்கள், மயில் என்றும் சொல்வதுண்டு. சுவாமிமலையிலும் திருத்தணியிலும் சன்னிதிக்கு எதிரே யானை நிற்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். திருமுருகாற்றுப்படையில் மயில், கோழி இரண்டுமே வருகின்றன. சூரன் மயிலானதால்தான் முருகனுக்கு மயில் கிடைத்தது என்ற கதை இவற்றில் எங்கும் இல்லை. குறிஞ்சி நிலத்துக் கடவுளுக்குக் குறிஞ்சிப் பறவை, அவ்வளவுதான்.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. வடமொழிக் குமாரசம்பவத்தில் குமரன் பிறப்பதே தாரகனைக் கொல்வதற்காக. தமிழில் தாரகன் சூரனின் தம்பிகளில் ஒருவன், முதன்மை எதிரி சூரன். இந்தச் சூரன் நமக்குப் புதியவன் அல்ல. ‘சூர்முதல் தடிந்த சுடரிலை நெடுவேல்’, அதாவது சூரனை அழித்த வேல் என்றும், கடல் கலங்க உள்ளே புகுந்தது என்றும், மாமரத்தை வெட்டியது என்றும் திருமுருகாற்றுப்படை பாடிவிட்டது. நீங்கள் திருச்செந்தூர்க் கடற்கரையில் பார்த்த மாமரம் அவ்வளவு பழையது. புராணம் வடமொழிக் கந்தனின் கதையை எடுத்துக்கொண்டதும் உண்மை. இரண்டும் கலந்து பல நூற்றாண்டுகள் ஆன பிறகு இது நம்முடையது, அது அவர்களுடையது என்று கூறு போடுவதில் எனக்கு ஆர்வமில்லை.

இனி உங்கள் மகளின் கேள்வி. அதைச் சமாளித்து அனுப்பிவிடாதீர்கள், நல்ல கேள்வி அது. பழைய பாட்டுகளில் இந்தப் போரில் இரக்கமே கிடையாது. குறுந்தொகையின் முதல் பாட்டே ‘செங்களம் படக் கொன்று அவுணர்த் தேய்த்த’, அதாவது களம் சிவக்க அசுரர்களைக் கொன்று அழித்த, என்று தொடங்குகிறது. திருமுருகாற்றுப்படையில் பேய்மகள் பிணம் தின்று துணங்கைக் கூத்து ஆடுகிறாள். கந்தபுராணத்திலும் மரணங்கள் மரணங்களாகவே இருக்கின்றன. சூரன் தேவர்களைச் சிறையில் வைத்திருக்கிறான், இந்திரன் மகன் சயந்தனும் அதில் ஒருவன். "அவர்களை விட்டுவிடு" என்று அண்ணனிடம் மன்றாடியவன் சிங்கமுகன். அண்ணன் கேட்கவில்லை என்றதும் அவனுக்காகவே போருக்குப் போய்ச் சாகிறான். சூரன் மகன் பானுகோபன் சாகிறான். இவர்களுக்காக வருத்தப்படும் பிள்ளையைத் தப்பு சொல்ல முடியாது.

ஆனால் சூரன் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரிதான். இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். ‘கோலமா மஞ்ஞை’ பாட்டு வரும் இடத்தில் முருகன் தன் பெருவடிவைக் காட்டுகிறான். ‘பாலன் என்று இருந்தேன் அந்நாள்’ என்று சூரன் உருகுகிறான். அந்த வடிவம் மறைந்ததும் வந்த ஞானமும் போய்விடுகிறது, பழையபடி சண்டைக்கு நிற்கிறான். கடலில் மாமரமாகிறான், வேல் பிளக்கிறது. தன் உருவத்தோடு எழுந்து வாளோடு வருகிறான், மறுபடியும் பிளக்கிறது. சிவன் கொடுத்த வரத்தால் அவன் சாகவில்லை. இரண்டு கூறும் சேவலும் மயிலுமாகி, ‘சினங்கொடு சிலைத்து’, அதாவது கோபத்தோடு கத்திக்கொண்டு, மறுபடியும் முருகனைத் தாக்கத்தான் பறந்து வருகின்றன. பலருக்கும் இது தெரியாது. வேல் பட்டதுமே நல்லவனாகிவிட்டான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

பாய்ந்து வரும் அந்த இரண்டு பறவைகளையும் முருகன் அருளோடு பார்க்கிறான். அவ்வளவுதான், பகை நீங்கித் தெளிந்த மனத்தோடு நின்றுவிடுகின்றன. வேலால் இருமுறை பிளந்தும் தீராத பகை அந்த ஒரு பார்வையில் தீர்கிறது. கச்சியப்பர் இங்கே கதையை நிறுத்திவிட்டுத் தானே நம்மோடு பேசுகிறார்:

தீயவை புரிந்தா ரேனும் குமரவேள் திருமுன் உற்றால்
தூயவர் ஆகி மேலைத் தொல்கதி அடைவர் என்கை
ஆயவும் வேண்டுங் கொல்லோ அடுசமர் இந்நாட் செய்த
மாயையின் மகனும் அன்றோ வரம்பிலா அருள்பெற் றுய்ந்தான்

மாயையின் மகன் என்றால் சூரன்தான். இதில் ‘இந்நாள்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். இன்றைக்குப் பகல் முழுக்கக் கொல்ல வந்தவன், இன்றைக்கே உய்ந்துவிட்டான். நோன்பு கிடையாது, மன்னிப்பு கேட்கவும் இல்லை. தமிழ்ப் பக்தி இலக்கியத்தில் என்னை மிகவும் அசைத்த இடங்களில் இது ஒன்று.

கடற்கரையில் இந்தப் பார்வையை நடித்துக் காட்ட வழியில்லை. சூரன் தலை மாறுவதும் மாமரம் வருவதும் தெரியும், பார்வை எப்படித் தெரியும்? அதனால் குழந்தைக்கு இதை வாயால் சொல்லத்தான் வேண்டும். யுத்த காண்டத்தில் சூரபன்மன் வதைப்படலத்தின் கடைசிப் பாட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு அவளோடு உட்கார்ந்து படியுங்கள். சந்தி பிரித்த பதிப்பாக இருந்தால் சுலபம். சிங்கமுகன் கதையையும் விட்டுவிடாமல் சொல்லுங்கள்.

அப்புறம், திருத்தணியில் சூரசம்ஹாரம் நடத்துவதில்லை. போர் முடிந்து கோபம் தணிந்து முருகன் அமர்ந்த மலை என்பதால், சஷ்டியன்று அங்கே புஷ்பாஞ்சலிதான். அடுத்த வருஷம் அவளை அங்கே அழைத்துப் போகலாம்.

அன்புடன்.