சொல்லத் தெரிந்த வயது – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகனுக்கு 11 வயது முடிகிறது. அவனை இங்கிலாந்தில் ஒரு தனியார் விடுதிப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்பது என் கணவரின் நெடுநாள் ஆசை. அவர் தமிழ்வழியில் படித்தவர். வேலைக்கு வந்தபின் ஆங்கிலத்துக்காகப் பட்ட அவமானங்களை இன்னும் மறக்கவில்லை. பணத்தைப் புரட்டிவிடலாம். ஏஜென்ட் மூன்று பள்ளிகளின் கையேடுகளைக் கொடுத்திருக்கிறார். பையனைக் கேட்டால் 'சரி, போறேன்' என்கிறான். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. 'உன் பாசத்துக்காக அவன் எதிர்காலத்தைக் கெடுக்காதே' என்கிறார் கணவர். நான் சுயநலமாக யோசிக்கிறேனா?

க.

அன்புள்ள க,

சுயநலம் என்றெல்லாம் நினைத்து மருக வேண்டாம். உங்கள் கணவரின் காயத்தையும் நான் லேசாக எண்ணவில்லை. நாலு பேர் நடுவில் வாய் திறக்கத் தயங்கி நின்றவருக்குத்தான் அந்த வலி தெரியும். ஆனால் தன் பழைய கணக்கை அவர் மகன் பெயரில் தீர்க்கப் பார்க்கிறாரோ என்று தோன்றுகிறது. ஆங்கிலம் மட்டும்தான் குறி என்றால் இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நல்ல ஆசிரியரும் ஆசைப்பட்ட புத்தகங்களும் கிடைத்தால் 11 வயதுப் பையன் வீட்டிலிருந்தபடியே அதைப் பிடித்துவிடுவான். விடுதிப் பள்ளி விற்கும் சரக்கு வேறு. நடை உடை, உச்சரிப்பு, பெரிய இடத்துச் சகவாசம், பல்கலைக்கழக வாசல்வரை கொண்டுபோய் விடும் பயிற்சி. அதுதான் வேண்டுமென்றால் அதைத்தான் கேட்கிறோம் என்று உங்களுக்குள்ளாவது ஒப்புக்கொண்டு யோசியுங்கள்.

என் கவலை எல்லாம் வயதைப் பற்றியது.

இந்தியாவில் வேலை பார்த்த ஆங்கிலேயர்கள் தங்கள் பிள்ளைகளைச் சின்ன வயதிலேயே கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பிவிடுவார்கள். 1871இல், பின்னாளில் பெரிய ஆங்கில எழுத்தாளரான ருட்யார்ட் கிப்ளிங்குக்கு ஆறு வயதுகூட நிறையவில்லை. தங்கைக்கு மூன்று. பம்பாயிலிருந்து வந்த பெற்றோர், காசு வாங்கிக்கொண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு வீட்டில் இருவரையும் விட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். சவுத்சீ என்ற ஊர். ஆறு ஆண்டுக்கு நெருக்கமாகப் பையனுக்கு அங்கே அடியும் மிரட்டலும்தான். ஆண்டுக்கொரு முறை லண்டனில் சித்தி வீட்டுக்குப் போய் வருவான். அங்கே பிரியத்துக்குக் குறைவில்லை. அங்கேயும் வாயைத் திறக்கவில்லை. யாரிடமும் ஏன் சொல்லவில்லை என்று சித்தி பின்னாளில் பலமுறை கேட்டாராம். தமக்கு நேர்வதை, என்றைக்கும் இப்படித்தான் என்று குழந்தைகள் ஏற்றுக்கொண்டுவிடுகிறார்கள் என்பதே பெரியவரான பிறகு கிப்ளிங் எழுதி வைத்த விளக்கம்.

அது அந்தக் காலம் என்று உங்கள் கணவர் சொல்லக்கூடும். என் நண்பர் ஒருவரின் மகன் 12 வயதில் போனவன். முதல் விடுமுறைக்கு வந்தபோது நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். சாப்பிட்டு முடித்தவன் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். அம்மா 'எழுந்திரேன்டா' என்று சொன்ன பிறகுதான் எழுந்தான். என்ன ஒழுக்கம் பாருங்கள் என்று நண்பருக்கு ஒரே பெருமை. முதல் பருவம் முழுக்கச் சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் யாருமே உட்காராமல் தனியாகச் சாப்பிட்டதை அவன் சொன்னது பள்ளியை முடித்த பிறகு. அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். 'அப்பவே சொல்லியிருக்கலாமேடா' என்று அப்பா பதறினார். 'சொல்லி? அதான் ஃபீஸ் கட்டியாச்சே' என்றான்.

பிள்ளைகள் நம் செலவை நம்மைவிடக் கச்சிதமாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். 'உனக்காகத்தான் இவ்வளவு கஷ்டப்படறோம்' என்று ஒரு தடவை சொன்னால் போதும், பையன் தன் கஷ்டத்தைச் சொல்லவே மாட்டான். அதற்குமேல் வாராவாரம் போனில் எடுக்கும்போதே 'டெஸ்ட்ல எவ்வளவு?' என்று ஆரம்பித்தால் கேட்கவே வேண்டாம்.

நேருவின் கதை இதற்கு நேர் எதிர். அவர் இங்கிலாந்தில் ஹாரோ என்ற விடுதிப் பள்ளியில் சேர்ந்தது 1905இல், 15 வயதில். அதுவரை வீட்டில் வளர்ந்து, ஆசிரியர் வைத்துப் படித்தவர். கூடவே கப்பலில் வந்து சேர்த்துவிட்டவர்கள் பெற்றோர். அந்தப் பள்ளி தனக்குக் கச்சிதமாகப் பொருந்தியதாக அவர் சொல்லிக்கொள்ளவில்லை. இரண்டு ஆண்டில் தான் ஹாரோவைத் தாண்டி வளர்ந்துவிட்டதாக உணர்ந்து, அப்பாவின் சம்மதத்தோடு கேம்பிரிட்ஜ் போய்விட்டார். செல்வமும் செல்வாக்கும் உள்ள வீடுதான், மறுக்கவில்லை. நான் பார்ப்பது வேறொன்றை. 'இங்கே போதும்' என்று சொல்லத் தெரிந்த பிள்ளை, அதைக் காதில் வாங்கிக்கொண்ட அப்பா. இந்த இரண்டும் இருந்தால் எந்தத் தேசத்துக்கும் அனுப்பலாம்.

இன்றைய பள்ளிகளில் பாதுகாப்பு எவ்வளவோ மேல். இங்கிலாந்தின் விடுதிப் பள்ளிகளுக்குக் குறைந்தபட்சத் தரநிலைகள் என்று அரசு விதிகளே உண்டு. பள்ளி நிர்வாகத்தைச் சேராத வெளியாள் ஒருவரை, பிள்ளைகள் நேரடியாகத் தொடர்புகொள்ளும்படி நியமித்திருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. ஆய்வறிக்கைகள் இணையத்தில் யாரும் படிக்கும்படி கிடக்கின்றன. ஏஜென்ட் தந்த கையேட்டை மூடிவிட்டு அவற்றைப் படியுங்கள். ஏஜென்டுக்குப் பெரும்பாலும் கமிஷன் கொடுப்பது பள்ளிதான் என்பதும் நினைவிருக்கட்டும். சிறார் பாலியல் கொடுமைகளை ஆராய அங்கே அமைத்த விசாரணை ஆணையம் 2022 மார்ச்சில் உறைவிடப் பள்ளிகளைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. அதை உங்கள் கணவரும் படிக்கட்டும். பயமுறுத்தச் சொல்லவில்லை. விதிகள் எத்தனை இருந்தாலும் பிள்ளை வாய் திறந்தால்தான் அவை வேலை செய்யும்.

எந்த மொழியில் திறப்பான் என்பதும் இருக்கிறது. அரவிந்தரை அவர் அப்பா 1879இல், ஏழு வயதில், இங்கிலாந்தில் ஒரு குடும்பத்தின் பொறுப்பில் விட்டார். இந்திய வாசனையே படக்கூடாது என்பது உத்தரவு. 14 ஆண்டு கழித்துத் திரும்பியவர் கிரேக்கத்திலும் லத்தீனிலும் கரை கண்டிருந்தார். தாய்மொழியான வங்கத்தைத்தான் பரோடாவில் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு கற்க வேண்டியிருந்தது. அவர் மேதை, கற்றுவிட்டார். உங்கள் பையன் அங்கே இரண்டு வருஷம் இருந்துவிட்டால் பசி, தூக்கம், பரீட்சை எல்லாவற்றையும் தமிழில் சொல்லிவிடுவான். மனசுக்குள் அரிப்பதைச் சொல்ல அவனிடம் ஆங்கிலம்தான் இருக்கும். அப்போது போனின் மறுமுனையில் இருக்கப்போவது நீங்கள்.

அனுப்பியே ஆக வேண்டும் என்றானால் இரண்டு காரியம் செய்யுங்கள். அங்கே பருவத்தின் நடுவிலும் வாரயிறுதிகளிலும் சில நாள் விடுதியையே மூடிவிடுவார்கள். அந்த நாட்களில் பையன் போவது கார்டியன் வீட்டுக்கு, அதாவது அங்கே உங்களுக்குப் பதிலாக அவனுக்குப் பொறுப்பேற்பவர் வீட்டுக்கு. வெளிநாட்டுப் பிள்ளை என்றால் பள்ளிகள் பொதுவாக இப்படி ஒருவரைக் கேட்கும். ஏஜிஸ் என்ற அமைப்பு கார்டியன் நிறுவனங்களைச் சோதித்து அங்கீகாரம் தருகிறது. பள்ளியைத் தேர்ந்தெடுக்க ஆறு மாதம் அலைபவர்கள் கார்டியனை ஒரே மின்னஞ்சலில் முடித்துவிடுவது எனக்குப் புரியாத ஒன்று. அந்த வீட்டை நேரில் போய்ப் பாருங்கள். அவன் படுக்கப்போகும் அறையைப் பாருங்கள்.

இன்னொன்று பணம். 2025 ஜனவரியிலிருந்து தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 சதவீத வரி வேறு சேர்ந்திருக்கிறது, அதை ஏஜென்டே சொல்லியிருப்பார். ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருப்பதைச் சொல்லியிருக்க மாட்டார். பிள்ளையை நிறுத்துவதானால் வழக்கமாக ஒரு முழுப் பருவத்துக்கு முன்பே எழுதித் தர வேண்டும், இல்லையென்றால் அந்தப் பருவக் கட்டணத்தைக் கட்ட வேண்டும். அந்தத் தொகையை முதல் நாளே தனியாக எடுத்து வையுங்கள். பையனைக் கூப்பிட்டு, 'இது நீ திரும்பி வர்றதுக்கான பணம், எப்ப வேணும்னாலும் கேளு' என்று அப்பா வாயாலேயே சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை என்றால் அனுப்புவதைத் தள்ளிப்போடுங்கள்.

என்னைக் கேட்டால் 11 வேண்டாம். 'சரி, போறேன்' என்பது சம்மதமா, அப்பாவைச் சந்தோஷப்படுத்தும் பதிலா என்று அந்த வயதில் அவனுக்கே தெரியாது. ஏ லெவல் என்னும் அங்கத்திய பள்ளிக் கடைசி இரண்டு ஆண்டுப் படிப்புக்கு 16 வயதில் நேரடியாகச் சேரலாம். பல பள்ளிகளில் அது வழக்கமான நுழைவு வாசல்தான், இடம் கிடைக்காது என்று பயப்பட வேண்டாம். விண்ணப்பமும் தேர்வும் முந்தின ஆண்டே ஆரம்பித்துவிடும். நடுவில் ஒரு கோடையில் இரண்டு வாரப் பயிற்சி முகாம் ஏதாவது ஒன்றுக்கு அனுப்பிப் பாருங்கள். திரும்பி வந்ததும் எதையும் கேட்காதீர்கள். அவனாகச் சொல்லட்டும். அங்கே பிடிக்காததைச் சொன்னானா என்று மட்டும் கவனியுங்கள்.