கட்டடக்கலையைக் கற்பனையோடும் தத்துவத்தோடும் யோசிப்பது எப்படி?

வெளி, ஒளி, மௌனம் என்று பெரிய வார்த்தைகளாக அடுக்கினால் தத்துவம் ஆகிவிடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. யோசனை எங்காவது ஒரு கதவிலோ கூரையிலோ போய் முட்ட வேண்டும். முட்டவில்லையென்றால் அது வெறும் பேச்சு.

முட்டியதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் வியன்னாவில் இருக்கிறது. தத்துவவாதி லுட்விக் விட்கன்ஸ்டைன் தன் அக்கா மார்கரெட்டுக்காக 1926 முதல் 1928 வரை ஒரு வீடு கட்டினார். வடிவமைப்பைத் தொடங்கியவர் பால் எங்கல்மான் என்ற கட்டடக் கலைஞர். போகப்போக விட்கன்ஸ்டைன்தான் எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டார். கதவுக் கைப்பிடி, அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் வரை அவரே வடிவமைத்தார். கம்பளம், திரைச்சீலை எதுவும் வேண்டாம் என்றார். விளக்குகள்கூட வெறும் பல்புகள்தான். வேலை கிட்டத்தட்ட முடிந்த நேரத்தில் ஒரு பெரிய அறையின் கூரையை 3 செ.மீ. உயர்த்தச் சொன்னார். உயர்த்தினார்கள்! (செலவு அக்காவுடையது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

3 செ.மீ. யார் கண்ணுக்குத் தெரியும்? அங்கேதான் விஷயம். யாருமே கவனிக்காத பிழை பிழைதானா என்ற கேள்விக்கு அவர் கூரையிலேயே பதில் எழுதிவிட்டார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அவருடைய இன்னொரு அக்கா ஹெர்மினே, அந்த வீட்டை வியந்து பார்த்தாலும், அது தன்னைப் போன்ற சாதாரண மனுஷிக்கானதல்ல, தெய்வங்கள் குடியிருக்க வேண்டிய இடம் என்ற பொருளில் எழுதி வைத்தார். நானும் ஹெர்மினே கட்சிதான்.

ஜப்பானின் இசே ஆலயம் வேறு கேள்வியைக் கேட்கிறது. மரத்தாலான அந்த ஆலயத்தை 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் அச்சு அசலாகப் புதிதாகக் கட்டி, பழையதைப் பிரித்துவிடுகிறார்கள். 2013-இல் நடந்தது 62-ஆவது முறை. அப்படியானால் அது பழைய ஆலயமா, புதியதா? நின்றுபோகாமல் தொடர்வது மரம் இல்லை, தச்சர்களின் கை. இதைக் கேள்விப்பட்ட பிறகு 'பழமையான கட்டடம்' என்று யாராவது சொன்னால், அதில் எது பழமை என்று கேட்கத் தோன்றுகிறது.

கற்பனைக்கு வருவோம். பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பூலே 1784-இல் நியூட்டனுக்காக ஒரு நினைவகம் வரைந்தார். சுமார் 150 மீட்டர் உயர உருண்டை. மேலோட்டில் சின்னச் சின்னத் துளைகள். பகலில் உள்ளே நின்றால் அவை நட்சத்திரங்களாகத் தெரியும். வெளியே பகல், உள்ளே இரவு. அது கட்டப்படவே இல்லை, அந்தக் காலத்தில் கட்டியிருக்கவும் முடியாது. துளை வெளிச்சம் தருவதற்கு என்ற ஒரே ஒரு வழக்கத்தைப் புரட்டிப் போட்டார், அவ்வளவுதான். இந்த உத்தி யாருக்கும் கைவரும்.

நீங்களே செய்து பார்க்க ஒன்று சொல்கிறேன். இருக்கும் வீட்டைச் சுவர்களை வைத்து வரையாமல், சத்தத்தை வைத்து வரையுங்கள். ஓர் இடத்தில் நின்றால் எந்தெந்த அறைப் பேச்சு கேட்கிறதோ, அதெல்லாம் ஒரே அறை. கேட்காத இடத்தில் மட்டும் கோடு போடுங்கள். மூன்று அறை ஒன்றாகிவிடலாம், ஒரே கூடம் இரண்டாகவும் பிரியலாம். அப்புறம் அந்த வரைபடத்தில், தனியாக இருக்க ஆசைப்படுகிறவருக்கு எங்கே இடம் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.